இரவற் சீலையும் இணையத்தளமும்

இரவற் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவளின் கதையை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றோம். விசேட வீடுகளுக்குப் போகும்போது அயல்வீட்டு அட்டியலை இரவல் வாங்கி அணிந்து செல்வது முன்னாளில் எங்கள் ஊர்களிற் சர்வசாதாரணமான வழக்கம். அதில் எவரும் குற்றங் காண்பதில்லை. ஆயினும் அணிந்து சென்றவளின் மனம் பந்தியில் இராது. அட்டியலின் கொக்கியிலேயே இருக்கும். பத்துத் தடவையாவது கை கழுத்துக்குப் போய்வரும். இரவல் என்பது அவ்வளவு பொறுப்பு வாய்ந்த காரியம்.

இக்காலத்தில் இணையத்தளம் நடத்துவோர் அன்றாடம் எடுத்துப் பூணும் இரவல் ஒன்று உண்டு. கொக்கியைத் தொட்டுப் பார்க்கும் வழக்கந்தான் அவர்களுட் பலருக்கு இல்லை. அந்த இரவலைப் பற்றியே இவ்வாரம் எழுத எண்ணினேன்.

நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கோவிற் பரிபாலன சபை, பழைய மாணவர் சங்கம், வாசிகசாலை, சிறு கடை என்று இன்று பலருக்கும் இணையத்தளம் இருக்கின்றது. தளம் இல்லாதோரும் பிறர் தளங்களிலே தமது பெயரையும் விலாசத்தையும் கடன் அட்டை இலக்கத்தையும் எழுதுகின்றனர். ஆகவே இரவல் கொடுப்பவர், வாங்குபவர், இரண்டுமறியாது இடையில் அகப்படுபவர் என்னும் மூவரில் ஒருவராகவேனும் நாம் ஒவ்வொருவரும் இருக்கின்றோம்.

இரவல் நடைபெறும் முறை

இணையத்தளத்தின் ஒரு பக்கம் அச்சிட்ட தாளைப்போலப் படிப்பதற்கு மாத்திரம் இருந்தால், அதற்கு எழுத்தும் படமும் போதும். வந்தவர் தமது பெயரையும் கருத்தையும் எழுதும் வருகை ஏடு, வந்தவர் தொகையைக் காட்டும் எண்ணி, கேட்ட கேள்விக்கு மறுமொழி கூறும் உரையாடற் பெட்டி, வீதிப் படம் முதலியன வேண்டுமாயின், கணினிக்கு ‘இன்னது செய்’ என்று கட்டளையிடும் நிரல் ஒன்று அவசியமாகின்றது. இத்தகைய நிரல்கள் பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் மொழியில் எழுதப்படுவன. நெட்ஸ்கேப் கம்பனியிற் பணியாற்றிய பிரெண்டன் ஐக் என்பவர் 1995ஆம் ஆண்டு மே மாதத்திற் பத்தே நாளில் அம்மொழிக்கு உருக்கொடுத்தார். அவசரத்திற் பிறந்த பிள்ளை இன்று உலகத்தையே ஆள்கின்றது.

நிரல் எழுதுவது எல்லோருக்கும் கைவந்த கலை அன்று. மேலும், தொண்ணூறுகளில் இணையத்தளத்துக்கு இலவசமாக இடங்கொடுத்த நிறுவனங்கள் பல, அவ்விடத்திற் சொந்த நிரல்களை இயக்குவதற்கு அனுமதி தரவில்லை. எனவே ஒரு சுலபமான வழி பிறந்தது. நிரலை எழுதியவர் அதனைத் தமது சேவையகத்திலேயே வைத்திருப்பார். தளக்காரர் தமது பக்கத்தில் ஒரே ஒரு வரியை எழுதினாற் போதும். ‘இன்ன முகவரியில் உள்ள நிரலைக் கொண்டுவந்து இவ்விடத்தில் இயக்குக’ என்பதே அவ்வரியின் பொருள். செலவு இல்லை, படிப்பு வேண்டாம், ஐந்து நிமிடத்திற் காரியம் முடிந்துவிடும்.

இம்முறையிற் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, அந்நிரலைப் போய் எடுத்து வருபவர் தளக்காரர் அல்லர். பக்கத்தைப் பார்க்க வந்தவருடைய உலாவியே அதைத் தேடிச்சென்று எடுக்கின்றது. அது இயங்குவதும் வந்தவருடைய கணினியிலேதான். இரண்டாவது, அவ்வாறு வந்த நிரலுக்கு, அப்பக்கத்தின் மேல் வீட்டுக்காரருக்குரிய அதிகாரம் முழுவதும் கிடைத்துவிடுகின்றது. பக்கத்தை அது மாற்றி எழுதலாம். வந்தவர் படிவத்தில் எழுதுவதை எழுத்தெழுத்தாகப் படிக்கலாம். படித்ததை வேறிடத்துக்கு அனுப்பலாம். மூன்றாவது, இது ஒரு தடவை வாங்கிப் பெட்டியிற் பூட்டி வைக்கும் பொருள் அன்று. மீண்டும் மீண்டும் அம்முகவரியிலிருந்தே வந்துகொண்டிருப்பது. நேற்று வந்த நிரல்தான் இன்றும் வருகின்றது என்பதற்கு யாதொரு உத்தரவாதமும் இல்லை. இரவல் அட்டியல் கழுத்திற் கிடக்கையிற் பாம்பாக மாறுவதில்லை. இரவல் நிரல் மாறக்கூடும்.

எங்கள் வருகை ஏடு

இதை நான் புத்தகத்திற் படித்து அறிந்துகொள்ளவில்லை. எங்கள் கிராமத்துப் பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்துக்கு 2003இல் ஓர் இணையத்தளம் அமைத்தோம். அப்போது நான் சங்கத்தின் காரியதரிசி. உயர்தர வகுப்பிற் படித்துக்கொண்டிருந்த தம்பி ஒருவர் இரண்டு வார விடுமுறையில் அதனை அமைத்துத் தந்தார். வருகை ஏடு ஒன்றும் வேண்டுமென்று நாங்கள் கேட்டபோது, வெளிநாட்டில் இலவசமாக அதனைக் கொடுக்கும் சேவை ஒன்றிலிருந்து இரவலாகப் பெற்றுப் பொருத்தினார். லண்டனிலும் ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் இருந்த எங்கள் மாணவர்கள் அதிலே எழுதத் தொடங்கினார்கள். ஊர்ப்படலை திறந்தது போன்ற மகிழ்ச்சி எங்களுக்கு.

2007இல் எங்கள் கணித ஆசிரியர் காலமானார். முப்பத்திரண்டு வருடம் அந்தப் பாடசாலையிலேயே படிப்பித்தவர். முந்திய ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஏ-9 வீதி மூடப்பட்டிருந்தது. வெளிநாட்டில் இருந்தவர்கள் இருக்க, கொழும்பில் இருந்தவர்கள்கூட இறுதிக்கிரியைக்கு வந்துசேர இயலவில்லை. வர முடியாதவர்கள் அனைவரும் அந்த வருகை ஏட்டிலே எழுதினார்கள். எழுபதுக்கும் மேற்பட்டோர் எழுதினர். சிலர் இரண்டு வரி; சிலர் இரண்டு பக்கம். பரீட்சைக்குப் பணங்கட்ட வழியில்லாதபோது ஆசிரியர் கட்டிய கதையை ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய வீட்டாருக்கே அது தெரியாது.

அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அச்சிட வேண்டியிருந்தது. அப்போது யாழ்ப்பாணத்திற் காகிதத்துக்குத் தட்டுப்பாடு. எட்டுப் பக்கத்துக்கு மேல் அச்சிட முடியாதென்று அச்சகத்தார் கூறிவிட்டனர். பதினொரு இரங்கலுரைகளை மாத்திரம் சேர்த்தோம். “மிச்சம் எல்லாம் இணையத்தளத்திற் கிடக்கின்றனதானே, எப்போதும் எவரும் பார்க்கலாம்” என்று கூட்டத்திற் சொன்னவன் நான்தான். இடுப்புக் கந்தையை எறிந்த இடம் அதுதான் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

சில ஆண்டுகள் கழிந்தன. ஏட்டை இரவல் தந்த சேவை தன் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. நாங்கள் கவனிக்கவில்லை. தளத்தை அமைத்த தம்பி கடல்கடந்து போய்விட்டார். தளத்தை எவரும் தினமும் திறந்து பார்ப்பதுமில்லை. ஒருநாள் இரவு ஆசிரியரின் மகள் தொலைபேசியில் அழைத்தாள்.

“மாமா, ஐயாவின்ர படத்துக்குக் கீழ சூதாட்ட விளம்பரம் கிடக்குது. உங்களுக்குத் தெரியுமோ?”

எனக்குத் தெரியாது. திறந்து பார்த்தேன். ஆசிரியரின் படம் அப்படியே இருந்தது. கீழே, மாணவர்கள் எழுதிய இடத்தில், சீட்டுக்கட்டும் நாணயக் குவியலும் மின்னிக்கொண்டிருந்தன. சேவை கைவிட்ட முகவரியை வேறெவரோ விலைக்கு வாங்கிவிட்டனர். எங்கள் பக்கத்திலிருந்த அந்த ஒரு வரியோ, பழைய விசுவாசத்துடன் அதே முகவரிக்குச் சென்று, கொடுத்ததை வாங்கிவந்து போட்டுக்கொண்டே இருந்தது. வரியை அழிக்க ஒரு நிமிடம் ஆயிற்று. எழுதப்பட்டவை எங்குமே கிடைக்கவில்லை. எஞ்சியவை கல்வெட்டில் ஏறிய அந்தப் பதினொன்று மாத்திரமே.

பெரிய வீடுகளிலும் இதே கதை

கிராமத்துச் சங்கத்தின் அசட்டை என்று இதனை ஒதுக்கிவிட முடியாது. உலகின் பெரிய வீடுகளிலும் இவ்வாறு நிகழ்ந்திருக்கின்றது.

கண்பார்வை குறைந்தோருக்கும் வாசிக்கச் சிரமப்படுவோருக்கும் இணையப் பக்கங்களை உரத்து வாசித்துக் காட்டும் பிரவுஸ்அலவுட் என்னும் நிரலை, வட அயர்லாந்தின் டெக்ஸ்ட்ஹெல்ப் கம்பனி வழங்கி வந்தது. மிகவும் நல்ல காரியம். அரசாங்கத் திணைக்களங்கள் பல அதனை இரவலாகப் பெற்றிருந்தன. 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆந் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரோ அந்நிரலுக்குள் வேறு சில வரிகளைச் செருகிவிட்டனர். அன்று அத்தளங்களுக்குச் சென்றவர்களின் கணினிகள், அவர்கள் அறியாமலே, மொனேரோ என்னும் மறை நாணயத்தைக் கணக்கிட்டு உண்டாக்கும் கூலிவேலையைச் செய்தன. ஒரே ஓர் இடத்தில் நுழைந்தவனுக்கு நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தளங்களின் கதவுகள் ஒருங்கே திறந்தன. அமெரிக்க நீதிமன்றங்களின் தளமும், பிரித்தானிய மக்களின் தனிப்பட்ட தகவல்களைக் காக்கும் தகவல் ஆணையாளர் அலுவலகத்தின் தளமும் அவற்றுள் அடங்கும். காவற்காரன் வீட்டிலேயே கன்னமிட்டது போலாயிற்று. ஸ்கொட் ஹெல்ம் என்னும் பாதுகாப்பு நிபுணர் அதனைக் கண்டுபிடித்து வெளிப்படுத்தினார். சில மணி நேரத்தில் நிரல் நிறுத்தப்பட்டது.

அதே ஆண்டில் நிகழ்ந்த இன்னொன்று இதனினும் கொடியது. களியாட்டங்களுக்கும் விளையாட்டுக்களுக்கும் நுழைவுச்சீட்டு விற்கும் டிக்கெட்மாஸ்டர் நிறுவனம், வாடிக்கையாளரின் கேள்விகளுக்கு மறுமொழி கூறும் உரையாடற் பெட்டி ஒன்றை இன்பென்டா என்னும் கம்பனியிடமிருந்து பெற்றுத் தனது பிரித்தானியத் தளத்திற் பொருத்தியிருந்தது. பணஞ்செலுத்தும் பக்கத்திலும் அது இருந்தது. இன்பென்டாவின் சேவையகத்தில் இருந்த அந்நிரலைத் திருடர் மாற்றியமைத்தனர். விளைவு என்ன? வாடிக்கையாளர் படிவத்தில் எழுதிய பெயர், அட்டை இலக்கம், முடிவுத் திகதி, அட்டையின் பின்புறத்து மூவிலக்கம் யாவும் திருடர் கைக்குப் போயின. ஏப்ரல் மாதத்திலேயே மொன்சோ என்னும் வங்கி ஐயுற்று எச்சரித்தது. ஆனால் உரையாடற் பெட்டி அகற்றப்பட்டது ஜூன் 23ஆந் திகதியன்றுதான். ஐரோப்பாவில் 94 இலட்சம் பேரின் விபரங்கள் இதனாற் பாதிக்கப்பட்டிருக்கக் கூடும் என்றும், பார்க்ளேஸ் வங்கியின் 60,000 அட்டைகள் மோசடிக்கு உள்ளாயின என்றும் தகவல் ஆணையாளர் அலுவலகம் கண்டறிந்தது. 2020 நவம்பரில் 12 இலட்சத்து 50 ஆயிரம் பவுண் அபராதம் விதிக்கப்பட்டது.

யாருக்கு விதிக்கப்பட்டது என்பதே இங்கு முக்கியம். பணஞ்செலுத்தும் பக்கத்தில் அந்நிரல் பயன்படுத்தப்படுவது தனக்குத் தெரிவிக்கப்படவில்லை என்று இரவல் கொடுத்த கம்பனி கூறியது. அபராதம் இரவல் வாங்கிய டிக்கெட்மாஸ்டருக்கே விழுந்தது. விருந்துக்கு அழைத்தவன் அடுக்களைக்கும் பொறுப்பாளி என்பது நம்மவர் அறிந்த நியாயமே.

மூன்றாவது கதை முகவரி கைமாறிய கதை. பழைய உலாவிகளில் இல்லாத வசதிகளை நிரப்பிக் கொடுக்கும் நிரலுக்குப் பொலிஃபில் என்று பெயர். சுவரின் வெடிப்புக்களைப் பூசி நிரப்புவதற்கு இங்கிலாந்தில் விற்கப்படும் பொலிஃபில்லா என்ற பசையை நினைத்து ரெமி ஷார்ப் என்பவர் இட்ட பெயர் அது. லண்டன் பைனான்ஷியல் டைம்ஸ் பத்திரிகையிற் பணியாற்றிய அன்ட்ரூ பெட்ஸ், இத்தகைய நிரல்களை எவருக்கும் இலவசமாக வழங்கும் சேவையைத் தொடக்கினார். அச்சேவையின் முகவரி 2024 பெப்ரவரியில் ஃபன்னல் என்னும் கம்பனிக்குக் கைமாறியது. அம்முகவரி ஒருபோதும் தமக்குச் சொந்தமாக இருந்ததில்லை என்றும், அதனை எல்லோரும் உடனே அகற்றிவிட வேண்டும் என்றும் பெட்ஸ் அப்பொழுதே பகிரங்கமாக எச்சரித்தார். கேட்டவர் சிலர், கேளாதவர் பலர்.

ஜூன் 25ஆந் திகதி நெதர்லாந்தின் சான்செக் நிறுவனம் உண்மையை வெளியிட்டது. ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட தளங்களில் அந்நிரல் இருந்தது. கைத்தொலைபேசியிற் பார்க்க வந்தோரிற் சிலரை அது சூதாட்டத் தளங்களுக்குத் திருப்பியனுப்பிக் கொண்டிருந்தது. எல்லோரையும் அன்று, எந்நேரமும் அன்று. சில கருவிகளில், சில நேரங்களில் மாத்திரம் வேலை செய்தது. தளத்தின் நிர்வாகி பார்க்கின்றார் என்று அறிந்தால் அடங்கிவிட்டது. வீட்டுக்காரர் வரும்போது கைகட்டி நிற்கும் கள்ள வேலைக்காரனைப் போல. இரண்டு நாளில் அம்முகவரி முடக்கப்பட்டது. வேறு இணைய மோசடிகளுக்குத் துணைபோனமைக்காக அமெரிக்கத் திறைசேரி 2025 மே 29ஆந் திகதி ஃபன்னல் கம்பனி மீது தடை விதித்தபோது, நிரலை மாற்றிய இச்செயலையும் எடுத்துக் கூறியது.

செய்யத்தக்கது யாது?

இவற்றைப் படித்துவிட்டு, இனி இரவலே வேண்டாமென்று சபதம் செய்ய வேண்டியதில்லை. உரத்து வாசிக்கும் நிரல் எத்தனையோ பேருக்கு உபகாரம் செய்தது. எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்யவும் எல்லோராலும் இயலாது. ஆயினும் சில நியமங்களைக் கைக்கொள்வது நல்லது.

முதலாவதாக, உங்கள் தளத்தில் எத்தனை இரவல்கள் இருக்கின்றன என்று எழுதி வையுங்கள். தளத்தை அமைத்தவரைக் கேட்டால் ஒரு மணி நேரத்தில் அவர் சொல்லிவிடுவார். உபயோகமற்றதை அன்றே அகற்றுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, புதுக்கணக்கு எழுதும் நாளில், அந்தப் பட்டியலை மறுபடி பாருங்கள்.

இரண்டாவதாக, காசுப்பெட்டிக்குப் பக்கத்தில் இரவலை வைக்காதீர்கள். பணம், கடவுச்சொல், நோய் விபரம் முதலியவற்றை எழுதும் பக்கத்தில், அந்த வேலைக்கு இன்றியமையாத நிரலைத் தவிர வேறொன்றும் இருத்தலாகாது.

மூன்றாவதாக, மாறாத நிரலாயின் அதன் பிரதியை உங்கள் சேவையகத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். அது முடியாவிட்டால் முத்திரை இடுங்கள். முற்காலத்தில் உறைக்கு அரக்கு முத்திரை இட்டதுபோல, நிரலின் எழுத்துக்கள் அனைத்தையும் கணக்கிட்டுப் பெறும் ஒரு குறியீட்டை உங்கள் பக்கத்து வரியிலேயே எழுதிவைக்கும் முறை ஒன்று உண்டு. வந்த நிரலை உலாவி தானும் கணக்கிட்டுப் பார்க்கும்; ஒரெழுத்து மாறியிருந்தாலும் இயக்க மறுத்துவிடும். இணைய நியமங்களை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2016 ஜூனில் இம்முறையைப் பரிந்துரைத்தது. பிரவுஸ்அலவுட் இரவல் வாங்கியோர் முத்திரை இட்டிருந்தால் அன்றைய கேடு அவர்களை அணுகியிராது. ஆயினும் ஆளுக்கேற்ப மாறிவரும் நிரலுக்கு முத்திரை இட முடியாது. பொலிஃபில் சேவை ஒவ்வோர் உலாவிக்கும் வெவ்வேறு நிரலைக் கொடுத்தபடியால், அதற்கு அந்தப் பாதுகாப்பு வாய்க்கவில்லை. முத்திரை இட முடியாத பண்டம் எதுவோ, அதைத் தருபவரை நன்கு அறிந்தே வாங்க வேண்டும்.

நான்காவதாக, அந்நியரைத் திண்ணையோடு நிறுத்துங்கள். வீதிப் படம், நிகழ்படம் போன்றவற்றைத் தனிச் சட்டத்துக்குள் அடைத்துவைக்கும் வழி இருக்கின்றது. அச்சட்டத்துக்குள் இருக்கும் வேற்றிட நிரல் உங்கள் பக்கத்தின் மற்றப் பகுதிகளைப் படிக்க மாட்டாது. வீட்டுக்குள் விடாமலே விருந்தோம்பலாம்.

ஐந்தாவதாக, வந்தவரின் மானத்தையும் எண்ணிப் பாருங்கள். இரவல் வாங்கும் ஒவ்வொரு தடவையும், உங்களிடம் வந்தவரின் இணைய இலக்கம் இரவல் கொடுப்பவருக்குத் தெரிகின்றது. எழுத்துருவை இவ்வாறு இரவல் வாங்கி, வந்தவரின் இலக்கத்தை அவருடைய சம்மதமின்றிக் கூகுளுக்குத் தெரியச்செய்த ஒரு தளக்காரர் 100 யூரோ நட்டஈடு கொடுக்க வேண்டும் என ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம் 2022 ஜனவரியிலே தீர்ப்பளித்தது. இலங்கையிலும் அதே ஆண்டிலே தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், 9ஆம் இலக்கச் சட்டமாக, நிறைவேற்றப்பட்டது. சட்டத்துக்கு அஞ்சிச் செய்வதிலும், வீடு தேடி வந்தவரை மதித்துச் செய்வது மேல்.

கடைசியாக, மனிதர் எழுதியதை இரவற் பாத்திரத்தில் விட்டுவைக்காதீர்கள். நிரல் போனால் இன்னொரு நிரல் கிடைக்கும். எழுதியவர்களின் சொல் போனால் அதை எங்கே தேடுவது?

எங்கள் சங்கத்தின் தளத்தில் இப்பொழுது மறுபடியும் ஒரு வருகை ஏடு இருக்கின்றது. அது எங்கள் சொந்தச் சேவையகத்தில் இருக்கின்றது. அழகு கொஞ்சம் குறைவுதான். மாதத்தின் முதற் சனிக்கிழமை, புதிதாக வந்தவற்றை அச்சிட்டுப் பாடசாலை நூலகத்திற் கட்டி வைக்கின்றோம். பரீட்சைப் பணத்தின் கதையை எழுதிய மாணவரைத் தேடி மறுபடி எழுதுவிக்க வேண்டும் என்று ஆசிரியரின் மகள் கேட்டாள். அவருடைய உரை அந்தப் பதினொன்றில் இல்லை. அவர் இப்போது எந்த நாட்டில் இருக்கின்றாரோ, நாங்கள் அறியோம். விசாரித்துக்கொண்டிருக்கின்றோம்.